கொஞ்சம் பசிக்க வேண்டும்

நைட்ரஜனுக்குத் 'தழைச்சத்து' என்று பெயர் வைத்தவர் வரப்பில் நின்று பயிரைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். பாஸ்பரஸ் மணிச்சத்து, பொட்டாசியம் சாம்பல் சத்து. கீரை பயிரிடுகிறவருக்குத் தழைச்சத்து என்ற பெயர் அப்படியே வாக்குறுதி. உருளைக்கிழங்கு பயிரிடுகிறவருக்கு அதே பெயர் ஓர் எச்சரிக்கை. அந்தச் சத்து தழையைத்தான் வளர்க்கும். அவர் மூட்டை கட்டி மண்டிக்கு அனுப்பப்போவதோ மண்ணுக்குள் இருப்பதை.

நீலகிரியில் ஆங்கிலேய கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில், 1820களில், உருளைக்கிழங்கு வேரூன்றியது. இருநூறு ஆண்டுகளில் அது மலைக்காரர்களின் பயிராகவே ஆகிவிட்டது. நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று மூன்று போகங்களுக்கும் தமிழ்ப் பெயரே உண்டு. இதில் ஏப்ரல், மே மாதங்களில் நட்டு மழைக்காலம் முழுவதும் நிற்கும் கார்போகம்தான் பெரியது. இந்த மலைப்பயிருக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, ஹெக்டேருக்கு 15 டன் தொழு உரம், 120 கிலோ தழைச்சத்து, 240 கிலோ மணிச்சத்து, 120 கிலோ சாம்பல் சத்து. மணிச்சத்து மட்டும் இரண்டு மடங்கு இருப்பதற்குக் காரணம் செடியின் ஆசை அல்ல, மண்ணின் கஞ்சத்தனம். மலையின் புளிப்பு மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொண்டு செடிக்குத் தராது. அதனால் மண்ணின் பங்கையும் சேர்த்துப் போட வேண்டியிருக்கிறது.

தழைச்சத்தின் கதை வேறு. 120 கிலோ முழுவதையும் யூரியாவாகப் போட்டால் ஏக்கருக்கு 45 கிலோ மூட்டையில் இரண்டரைக்கும் குறைவு. அதிலும் பாதியை அடியுரமாகவும், மீதியை 30 நாள் கழித்து மண் அணைக்கும்போது மேலுரமாகவும் போடச் சொல்கிறார்கள். இருப்பதே இரண்டு மூட்டைச் சொச்சம், அதை ஏன் இரண்டாகப் பிரிக்க வேண்டும்? ஒரே நாளில் போட்டுவிட்டால் ஒரு கூலி மிச்சமாகுமே?

இதற்கு விடை தேடிப் போனால், முதலில் கிழங்கு என்பது என்னவென்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓர் உருளைக்கிழங்கைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் வேர்கள். இது வேர் அல்ல, தண்டு. அதில் உள்ள 'கண்'கள் ஒவ்வொன்றும் ஒரு கணு. கரும்பின் கணுவில் பரு இருப்பதுபோல ஒவ்வொரு கண்ணிலும் முளை உறங்குகிறது. ஒரு முனையில் கண்கள் நெருங்கி இருக்கும். அதுதான் தண்டின் நுனி. மறுமுனையில் தொப்புள் போன்ற ஒரு தழும்பு தெரியும். தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த இடம் அது. வெளிச்சத்தில் வைத்தால் பச்சையாகிவிடுவதும் தண்டுப் புத்திதான்.

செடி முளைத்துச் சில வாரங்களில், மண்ணுக்குள் இருக்கும் அடித்தண்டிலிருந்து வெளிறிய மெல்லிய கிளைகள் பக்கவாட்டில் கிளம்புகின்றன. ஓடுதண்டு என்று வைத்துக்கொள்வோம். அது இருட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிறகு ஒரு நாள் நீள்வதை நிறுத்துகிறது. நுனி கொக்கிபோல வளைந்திருக்க, அதன் பின்புறம் பருக்கத் தொடங்குகிறது. ஓட்டம் நின்றால்தான் கிழங்கு. அந்த ஓட்டத்தை நிறுத்துவது எது?

1970களில் ஜெர்மனியில் க்ராவுஸ், மார்ஷ்னர் என்ற இரு பயிர்ச்சத்து ஆய்வாளர்கள் உருளைச் செடிகளை மண்ணே இல்லாமல், சத்துகள் கரைத்த நீரில் வளர்த்துப் பார்த்தார்கள். நைட்ரஜன் இடைவிடாமல் கிடைத்த செடிகள் தளதளவென்று வளர்ந்தன. ஓடுதண்டுகளும் ஓடிக்கொண்டே இருந்தன. கிழங்கு வைக்கவில்லை. சில நாட்கள் நைட்ரஜனை மட்டும் நிறுத்தினார்கள். நுனிகள் பருத்துக் கிழங்காயின. மறுபடி நைட்ரஜன் கொடுத்தார்கள். பருத்துக்கொண்டிருந்த கிழங்கு வளர்ச்சியை நிறுத்தியது. அதன் நுனியிலிருந்து மறுபடி ஓர் ஓடுதண்டு கிளம்பி ஓடியது. மீண்டும் நிறுத்தினால் அந்தத் தண்டின் நுனி பருத்தது. இப்படிக் கொடுத்தும் நிறுத்தியும் வந்ததில், நூலில் கோத்த மணிகளைப் போல ஒரே தண்டில் கிழங்கு, தண்டு, கிழங்கு என்று ஒரு மாலையே உருவாகிவிட்டது.

எனக்கு இந்தச் சோதனையின் மேல் தனிப் பிரியம் உண்டு. செடி தன் மனமாற்றங்களை வரிசையாக எழுதி வைத்த நாட்குறிப்பு அந்த மாலை. ஒவ்வொரு மணியும் ஒரு பசி, ஒவ்வொரு நூல் துண்டும் ஒரு விருந்து. வயலிலும் இதன் சாயல் தெரியும். வறட்சியில் தவித்த பயிருக்குத் திடீரென்று மழையும் உரமும் சேர்ந்து கிடைத்தால் கிழங்கில் குமிழ் குமிழாகப் பிதுக்கங்கள் கிளம்பும், சில கிழங்குகள் இடுப்பு சிறுத்து டம்பெல்போல இருக்கும். மண்டியில் அவற்றைக் கழிவு என்று ஒதுக்குவார்கள். செடியின் கணக்கில் அவை பாதியில் மாற்றிக்கொண்ட முடிவுகள்.

உள்ளே நடப்பதும் ஓரளவு தெரிந்திருக்கிறது. நைட்ரஜன் நின்றதும் செடிக்குள் ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் குறைகிறது, அப்சிசிக் அமிலம் கூடுகிறது. ஜிப்ரெலின் நீட்டும் வேலையைச் செய்வது. நெல் நாற்றை ஒல்லியாக, ஒட்டடைக் குச்சிபோல நெட்டுக்குத்தாக வளரவைக்கும் நோயை ஆராய்ந்தபோதுதான் ஜப்பானியர்கள் 1926இல் அதன் தடத்தைக் கண்டார்கள். நீட்டுகிறது போனால் பருக்கிறது வரும்.

பகலின் நீளமும் இரவின் குளிரும் இதில் சேர்கின்றன. பகல் குறுகி இரவு குளிர்ந்தால், இலை அதைக் கணக்கெடுத்துக்கொண்டு ஒரு புரதத்தைக் கீழே அனுப்புகிறது. 2011இல் ஸ்பெயினில் நடந்த ஆய்வு அந்தப் புரதத்தை அடையாளம் கண்டது. அது வேறு செடிகளில் பூக்கும் காலத்தை அறிவிக்கும் புரதத்தின் நெருங்கிய உறவு. எவ்வளவு நெருக்கம் என்றால், நெல்லைப் பூக்கவைக்கும் புரதத்தை உருளைச் செடியில் உண்டாக்கினால், உருளை கிழங்கு வைக்கிறது. நெல்லில் கதிர் தள்ளு என்று பொருள்படும் செய்தி இங்கே மண்ணுக்குள் போய்க் கிழங்கு வை என்று பொருள்படுகிறது. நைட்ரஜன் தாராளமாக இருக்கும் செடி இந்தச் செய்தியைக் கேட்கத் தாமதிக்கிறது. வெளியே சாப்பாடு இருக்கும்போது யார் சேமிப்பைப் பற்றி யோசிப்பார்கள்?

வயல் சோதனைச்சாலைத் தொட்டி அல்ல. மண்ணில் எப்போதும் கொஞ்சம் நைட்ரஜன் இருக்கும், எவ்வளவு யூரியா கொட்டினாலும் கிழங்கு அடியோடு வராமல் போகாது. தள்ளிப்போகும். நீண்ட கோடைப் பகலும் நீண்ட பருவமும் உள்ள அமெரிக்காவின் ஐடஹோ மாதிரி இடத்தில் அந்தத் தாமதத்தைப் பிற்பாடு ஓரளவு ஈடுகட்டலாம். 120 நாள் பயிரை மழையில் நிறுத்தி வைத்திருக்கும் நீலகிரியில் அது முடியாது. பின்பருவ இலைக்கருகல் நோய் வாசலிலேயே காத்திருக்கிறது. 1845இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய அதே நோய். அதற்குத் தேவை நனைந்த இலை. உரம் மிகுந்து அடர்ந்த தழைக்குள் மழை நின்றபிறகும் ஈரம் உலராது. தாமதமாகத் தொடங்கிய கிழங்கு பருப்பதற்குள் மேலே இலையே இல்லாமல் போகலாம்.

அப்படியானால் நைட்ரஜனைக் குறைத்துவிட்டால் நல்லதா? அங்கேதான் விஷயம் திரும்புகிறது. கிழங்கு வைக்கும்வரைதான் பசி நல்லது. வைத்துவிட்டால் அதே செடி பெருந்தீனிக்காரனாக மாறுகிறது. கிழங்கில் சேரும் மாவுக்கான சர்க்கரை முழுவதும் இலையில் தயாராவது. இலையின் பச்சையத்தில் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசியம் அணு, அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள். கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதியும் நைட்ரஜனால் ஆனதுதான். இலையில் உள்ள புரதத்தில் பெரும்பங்கு அந்த ஒரே நொதி. கிழங்கு பருக்கும் நேரத்தில் மண்ணில் சத்து இல்லையென்றால் செடி தன் அடியிலைகளைக் கலைத்து, அவற்றிலிருந்த நைட்ரஜனைக் கிழங்குக்கு அனுப்பும். கீழிருந்து மேலாக மஞ்சளிக்கும். வீட்டு ஓட்டைப் பிரித்து விற்றுச் சாப்பிடுகிற கதை. பயிர் முன்கூட்டியே கிழடாகும், கிழங்கு கோலிக்குண்டுக்கும் எலுமிச்சைக்கும் நடுவில் நின்றுவிடும்.

ஆக, முதல் மாதம் கொஞ்சம் பசி, அடுத்த ஐம்பது நாள் நல்ல சாப்பாடு, கடைசியில் மறுபடி பசி. முதல் மாதத்தில் செடியும் சின்னது, விதைக்கிழங்கின் கையிருப்பும் இருக்கிறது. ஆதலால் பெரிய தேவை இல்லை. மண் அணைக்கும் நாளில் வைக்கிற இரண்டாவது பாதி, ஓடுதண்டுகள் நின்று கிழங்கு தொடங்கும் தருணத்தை ஒட்டிக் கரையத் தொடங்குகிறது. ஒரு கூலியை மிச்சம் பிடிக்கப் பார்த்தவர் இழப்பது இந்த நேரப் பொருத்தத்தை.

இரண்டாக்குவதற்கு இன்னொரு காரணம், போட்ட உரம் போட்ட இடத்தில் இருப்பதில்லை. யூரியா மண்ணில் சில நாட்களில் அம்மோனியமாகிறது. பிறகு நுண்ணுயிரிகள் அதை நைட்ரேட்டாக்குகின்றன. அம்மோனியத்துக்கு நேர்மின்சுமை, களிமண்ணின் எதிர்மின்சுமையோடு ஒட்டிக்கொள்ளும். நைட்ரேட்டுக்கு எதிர்மின்சுமை, மண் அதைத் தள்ளிவிடும். நீர் போகும் வழியில் அதுவும் போகும். ஆழ வேர் உள்ள பயிராக இருந்தால் துரத்திப் பிடிக்கும். உருளையின் வேர்களோ பெரும்பாலும் மேல் 30 சென்டிமீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு முழத்துக்கும் கீழே இறங்கிய நைட்ரேட் அதற்குக் கிடைப்பது அரிது. ஜூன் மாதத்து நீலகிரி மழையில், சரிவான வயலில், ஏப்ரலில் மொத்தமாகப் போட்ட யூரியா என்ன கதியாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு டன் கிழங்கோடு வயலைவிட்டு வெளியேறும் நைட்ரஜன் ஏறக்குறைய 3 கிலோ. ஹெக்டேருக்கு 20 டன் விளைந்தால் 60 கிலோ போயிருக்கும். போட்டதோ 120, தொழு உரத்தில் வந்தது தனி. மீதியில் ஒரு பகுதி தழையிலும் மண்ணின் மட்கிலும் தங்கும். ஒரு பகுதி கிணற்றுக்குப் போகும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மணற்பாங்கான உருளை வயல்களைச் சுற்றியுள்ள கிணறுகளில் நைட்ரேட் ஏறியிருப்பது பல ஆண்டுகளாக அங்கே தீராத வழக்கு. நம் நாட்டில் குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி.

நைட்ரேட்டின் இந்த ஓட்டத்தைத் தாமதப்படுத்த நம் ஊரில் ஒரு பழைய வழி உண்டு, யூரியாவோடு வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து வைத்திருந்து போடுவது. வேம்பின் சரக்கு, அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிரிகளை மந்தப்படுத்துகிறது. 2015 முதல் இந்தியாவில் விற்கும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமானபோது, பிண்ணாக்கு செய்த வேலையைத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது.

செடிக்கு இப்போது பசிக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. ஐடஹோ, வாஷிங்டன் மாநிலங்களில் வாரந்தோறும் வயலில் நடந்து, செடியின் நுனியிலிருந்து எண்ணி நான்காவது இலையைப் பறிக்கிறார்கள். சிற்றிலைகளை உருவி எறிந்துவிட்டுக் காம்பை மட்டும் சோதனைச்சாலைக்கு அனுப்புகிறார்கள். வேரிலிருந்து இலைக்குப் போகும் நைட்ரேட் காம்பில்தான் போக்குவரத்தில் இருக்கும். அது வாரத்துக்கு வாரம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துப் பாசன நீரோடு தேவையான உரத்தைக் கரைத்துவிடுகிறார்கள். நான்காவது ஏன்? அதற்கு மேலுள்ளவை இன்னும் வளர்கிற குழந்தைகள், கீழுள்ளவை கிழடு தட்டத் தொடங்கியவை. நான்காவதுதான் அப்போதைக்கு முழுதாக விரிந்த வேலைக்காரன்.

சோதனைச்சாலை இல்லாதவருக்கு ஐரோப்பிய விவசாயிகள் செய்யும் ஒரு தந்திரம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். வயலில் ஒரு சின்ன இடத்துக்கு மட்டும் வேண்டுமென்றே உரத்தைக் குறைத்துப் போட்டுவிடுவார்கள். மண்ணின் சொந்த இருப்பு குறையும்போது முதலில் வெளுப்பது அந்த இடம்தான். அங்கே நிறம் மாறினால் மற்ற இடத்துக்கும் மேலுரம் தேவைப்படும் நாள் நெருங்கிவிட்டது. மாறவே இல்லையென்றால் மண்ணே போட்டுக்கொண்டிருக்கிறது, மூட்டையைப் பிரிக்க வேண்டாம். செலவு, நாலு செடி.

இதுவரை சொன்னது எடைக் கணக்கு. அடுப்படியில் வேறு கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 120 கிராம் உப்பைக் கரைத்து, வீட்டில் உள்ள கிழங்குகளைப் போட்டுப் பாருங்கள். சில மூழ்கும், சில மிதக்கும். மூழ்குவது மாவு நிறைந்தது. அவித்தால் வெடித்து உதிரும், வறுத்தால் மொறுமொறுப்பாகும். மிதப்பது நீர்ப்பாங்கானது. குழம்பில் துண்டு துண்டாக நிற்கும், வறுத்தால் எண்ணெயைக் குடிக்கும். நீர் ஆவியாகி வெளியேறிய இடத்தில் எண்ணெய் நுழைவதுதான் வறுவல், நீர் கூடினால் எண்ணெயும் கூடும். சிப்ஸ் தொழிற்சாலைகள் லாரி லாரியாகச் செய்வதும் இதே மிதவைச் சோதனைதான், கருவி மட்டும் நாகரிகம். கிழங்கில் ஐந்தில் ஒரு பங்காவது நீரில்லாப் பொருள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ரகம், வெயில், சாம்பல் சத்து எல்லாம் இதைத் தீர்மானிக்கின்றன என்றாலும், கடைசிக் கட்டத்தில் தழைச்சத்து மிகுந்த கிழங்கு மாவேறி முற்றாமலேயே வெளியே வருகிறது. எடை இருக்கும், எடையில் பாதி வித்தை தண்ணீருடையது.

நிறத்துக்கு வருவோம். வறுவல் பொன்னிறமாவதற்குக் கிழங்கிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்வது காரணம். பிரான்ஸின் லூயி கமீல் மய்யார் 1912இல் விளக்கிய வினை அது. உருளையில் மிகுந்திருக்கும் அமினோ அமிலம் அஸ்பராஜின். 1806இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் ஆஸ்பராகஸ் தண்டிலிருந்து பிரித்தெடுத்தது, மனிதன் முதன்முதலில் பிரித்தெடுத்த அமினோ அமிலமும் அதுவே. நான்கு கார்பனுக்கு இரண்டு நைட்ரஜன் என்ற கணக்கில் கட்டப்பட்டிருப்பதால், செடிக்கு அது மிச்ச நைட்ரஜனைச் சிக்கனமாக அடுக்கி வைக்கும் பரண். தழைச்சத்து கூடினால் பரண் நிறையும். 2002இல் சுவீடனில் ஓர் அதிர்ச்சி வெளியானது. வறுத்த, சுட்ட மாவுப் பண்டங்களில், விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அக்ரிலமைடு இருப்பதாகக் கண்டார்கள். அஸ்பராஜினும் சர்க்கரையும் சூட்டில் சந்திக்கும்போது அது உண்டாவது சில மாதங்களில் தெரிந்தது.

உடனே தோன்றும் முடிவு, தழைச்சத்தைக் குறை, அஸ்பராஜின் குறையும், அக்ரிலமைடும் குறையும். பெல்ஜியத்தில் வயலில் செய்து பார்த்தார்கள். தலைகீழாக வந்தது. உரம் குறைந்த கிழங்கில் அஸ்பராஜின் குறைந்தாலும் சர்க்கரை கூடியது, வறுத்தபோது அக்ரிலமைடும் கூடியது. உருளையில் அஸ்பராஜின் எப்போதுமே தேவைக்கு மேல் இருக்கிறது, வினையை நிறுத்திப் பிடித்திருப்பது சர்க்கரையின் அளவுதான். இங்கிலாந்தில் பிற்பாடு நடந்த சோதனைகளில் ஒரு ரகம் ஒருவிதமாகவும் இன்னொரு ரகம் வேறுவிதமாகவும் நடந்துகொண்டன. எல்லா வயலுக்கும் ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. (வீட்டளவில் ஒன்று மட்டும் நிச்சயம். வறுக்கப்போகும் கிழங்கைக் குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் மாவு சர்க்கரையாகும், வறுவல் கறுக்கும்.)

உருளையும் நைட்ரஜனும் அறிமுகமானது இந்த மலைகளில் அல்ல, பெருவில். ஆண்டிஸ் மலையில் டிடிகாக்கா ஏரிப் பக்கம் கிழங்கு பயிராகிக்கொண்டிருக்க, அதே நாட்டின் கரையோரத் தீவுகளில் கடற்பறவைகளின் எச்சம் மலையாகக் குவிந்திருந்தது. மழையே இல்லாத கரை என்பதால் அதிலிருந்த நைட்ரஜன் கரைந்து போகவில்லை. இன்காக்கள் அதை அள்ளி வயலுக்கு இட்டார்கள். ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் அதன் மாதிரியை 1804இல் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். 1840களில் தொடங்கிக் கப்பல் கப்பலாக வெட்டியெடுத்து முப்பது, நாற்பது ஆண்டுகளில் சிஞ்சா தீவுகளைச் சுரண்டி முடித்தார்கள். அடுத்து சிலியின் வெடியுப்பு, அதற்காக 1879இல் ஒரு போர். பிறகு ஃப்ரிட்ஸ் ஹேபர் 1909இல் காற்றிலிருந்தே அம்மோனியா எடுத்துக் காட்ட, 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஊரில் கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலையாக்கினார். மூச்சுக்கு மூச்சு நாம் இழுத்துவிடும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். செடியால் தொட முடியாத அந்த வாயுவைப் பிரிக்க 400 டிகிரிக்கு மேல் சூடும் 200 வளிமண்டல அழுத்தமும் வேண்டியிருந்தன. பறவை எச்சத்துக்காகத் தீவு தீவாகக் கப்பல் விட்ட பொருளைத்தான் இன்று மானிய விலையில் வாங்கி, கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று கைநிறைய வீசுகிறோம்.

கூடிப்போனதை அறுவடைக்காலம் சொல்லிவிடும். நாள் முடிந்தும் செடி பச்சையாகவே நிற்கும், கிழங்கின் தோல் மெலிந்திருக்கும். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் மூட்டையில் உராய்ந்து தோலுரிந்து, அந்த வழியாக அழுகல் நுழையும். ஆகவே வெட்டுவதற்கு 10, 15 நாள் முன்பே, இத்தனை நாள் தழைச்சத்து போட்டு வளர்த்த அந்தத் தழையைத் தரையோடு அறுத்துவிடுகிறார்கள். மேலிருந்து வருவது நின்றதும் மண்ணுக்குள் கிழங்கு தன் தோலைக் கெட்டிப்படுத்திக்கொள்ளத் தொடங்கும். ஒரு வாரம் கழித்து இரண்டு, மூன்று இடங்களில் மண்ணைக் கிளறி, ஒரு கிழங்கை எடுத்துக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பார்கள். தோல் வழன்றால் மறுபடி மண்ணைத் தள்ளி மூடிவிட்டு இன்னும் நாலு நாள் காத்திருப்பார்கள்.